திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்கள்

அன்றைக்கு அந்தக் கரை ரோட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டியரிங்கில் நான்.

பின் படியில் கண்டக்டர் கபாலி.

எனக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடி மேல் கோணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் பஸ் முதலாளி. தன் பஸ்ஸில் அவர் ஏறுவது வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு. அன்றைக்கு ஆயுத பூஜை இல்லை.

முதல் ஜன்னல் ஓரம் திருவள்ளூர் பட்டாச்சாரியார். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் உண்டு. வாரம் இரண்டு நாள் வந்து தங்கிப் பூஜை செய்துவிட்டு எங்கள் பஸ்ஸில்தான் திரும்புவார்.

அவருக்குப் பின் சீட்டில் ஃபிட்டர் தாமோதரன். அவனோடு தொழிற்பேட்டைக்குப் போகிற ஆட்கள், ஒரே நிறச் சட்டையில்.

பஸ்ஸுக்கு முன்னால், ரோட்டில், தலையில் மீன் கூடையோடு பெண்கள். ஒற்றை வரிசை. முதலில் எல்லம்மாக்கா. அவருக்குப் பின்னால் ஒன்பது பேர். கடைசியில் தேசம்மா.

தேசம்மாவின் முதுகுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நீளம் இடம் இருந்தது.

முதலாளி சொன்னார்: "தொடு நைனா. லேசா தொடு. பம்பர் பட்டா தன்னால வெலகிடுவாளுங்க."

என் கால் கிளட்ச்சில் இருந்தது.

கரை ரோடு

போன வாரம் நான் லாரி கிளீனராக இருந்த கதையை எழுதினேன். ஒரு வாசகர், பஸ்ஸுக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டிருந்தார். எழுபதுகளில் வந்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கும் பழவேற்காட்டு ஏரியின் வடக்குப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்கும் நடுவில் ஓடிய தனியார் பஸ். ஒரே பஸ். நான் ஒரே டிரைவர்.

குப்பத்திலிருந்து கிளம்பினால் முதல் இரண்டு மைல் கரை ரோடு. ஏரிச் சேற்றுக்கு நடுவில் மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்டது. ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் சரிவு. சரிவுக்குக் கீழே கறுப்புச் சேறு. வெயில் காலத்தில் மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

காலை ஆறு மணிக்கு முதல் சிங்கிள், அதாவது ஒரு வழி ஓட்டம். அதே நேரத்துக்குத்தான் வலை கரைக்கு வரும். மடவை, கெளுத்தி, இறால், நண்டு. பெண்கள் அதைக் கூடையில் அடுக்கி, மேலே ஈரக் கோணி போட்டு, பஸ் கூரையில் ஏற்றுவார்கள். ஏழு மணிக்குள் ஸ்டேஷன் சந்தை. வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்த்துவிட்டு அடுத்த சிங்கிளில் திரும்பிவிடுவார்கள்.

நான் வருவதற்கு முன்பே பல வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அப்புறம் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது. முதலில் முள்வேலி. அப்புறம் தகரக் கூரை. அப்புறம் ஆலைச் சங்கு. பஸ்ஸில் புது ஆட்கள் ஏறினார்கள். துவைத்த சட்டை, டிபன் பாக்ஸ். வழியில் நாலு ஊரிலிருந்து ஏறுவார்கள். சிலர் குப்பத்துப் பக்கம் வாடகைக்குக் குடிவந்து அங்கேயே ஏறினார்கள். தாமோதரன் அப்படி வந்தவன்.

மீன் தண்ணீர் கூரையிலிருந்து ஜன்னல் வழியாக ஒழுகும். உண்மைதான். சட்டையில் பட்டால் சாயங்காலம் வரை நாறும். அதுவும் உண்மைதான். புகார் போனது. முதலாளி ஒரு நாள் காலையில் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். இனிமேல் மீன் கூடை ஏற்றக் கூடாது.

எல்லம்மாக்கா கபாலியிடம் கேட்டார்: "நாங்க ஏறலாமா?"

"நீங்க ஏறலாம் க்கா. கூட ஏறக் கூடாது."

"கூட இல்லாம நாங்க இன்னாத்துக்குடா கும்மிடிப்பூண்டி போறோம்? ரயிலு பாக்கவா?"

கபாலி படியில் ஏறி விசில் ஊதினான். நான் வண்டியை எடுத்தேன்.

ஒதுங்கிய நாள்

மறுநாள் அவர்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். வேறு வழி இல்லை. கரை ரோட்டில் நான் பின்னால் வந்தேன். ஹாரன் அடித்தேன். ஒதுங்கினார்கள்.

ஒதுங்குவது என்றால் சரிவில் இறங்கி நிற்பது. தலையில் ஒரு ஆள் சுமை. சரிவு ஈரம். நடுவில் நின்ற ஒரு பெண்ணுக்குக் கால் வழுக்கியது. கூடை சேற்றில் போனது. அவரை மேலே இழுத்துவிட்டார்கள். மீனை எடுக்க முடியவில்லை. நான் தாண்டிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். நிறுத்தவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஹாரன் அடித்தேன். யாரும் ஒதுங்கவில்லை.

மறுபடி அடித்தேன். பந்து ஹாரன், நாய் குரைக்கிற மாதிரி இருக்கும். பதினோரு பேரில் ஒருவர் கழுத்தும் அசையவில்லை. ரோட்டின் நடுவில் ஒற்றை வரிசையாக, கை வீசி, போய்க்கொண்டே இருந்தார்கள்.

கபாலி இறங்கி ஓடினான். எல்லம்மாக்காவுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசினான். திரும்பி வந்து சொன்னான்: "ஒதுங்க மாட்டாங்களாம் ணா. கூட மேல ஏறுற வரைக்கும் இப்பிடித்தானாம். பேஜாரு."

"வேற இன்னா சொன்னாங்க?"

"உன் வண்டி பின்னால பத்திரமா வரட்டும்னாங்க."

இரண்டு மைலுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முதல் கியரில், அரைக் கிளட்ச்சில். ரேடியேட்டர் கொதித்தது. கிளட்ச் கருகிய வாசனை மீன் வாசனையை அமுக்கிவிட்டது. பட்டாச்சாரியார் மூக்கில் வைத்திருந்த அங்கவஸ்திரத்தை எடுக்கவே இல்லை. எந்த வாசனைக்கு என்று தெரியவில்லை.

கல்

இங்கே பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் நான் செங்கல் லாரியில் கிளீனர். சூளையில் ஒரு நாள் தகராறு. ஓய்வு இல்லாமல் லோடு அடிக்கச் சொன்னார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கல் எறிந்தோம். கையில் கிடைத்ததே செங்கல்தான். லாரிக் கண்ணாடி உடைந்தது. ஆபீஸ் ரூம் ஓடு உடைந்தது. கணக்கப்பிள்ளைக்கு நெற்றியில் ரத்தம்.

அன்றைக்கு ராஜா மாதிரி இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டே ஊருக்கு நடந்தோம்.

மறுநாள் லாரிக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். எங்கள் இடத்துக்குப் புது ஆட்கள் போட்டார்கள். லோடு அதே மாதிரி ஓடியது. கணக்கப்பிள்ளை நல்ல மனுஷன். எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கிக் கொடுத்தவர். அவர் நெற்றித் தழும்பைப் பிறகு பல தடவை பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொன்னதில்லை.

கரை ரோட்டில் ஊர்ந்துகொண்டு போகும்போது இதெல்லாம் ஞாபகம் வரும். வேகம் இல்லாத வண்டியில் டிரைவருக்கு வேறு வேலை இல்லை.

கடைசி இடம் யாருக்கு

ஏரியில் ஒரு முறை உண்டு. ஆளாளுக்கு இஷ்டப்பட்ட இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இடம் கொஞ்சம்தான். அதனால் எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்று சீட்டு எடுத்துப் பிரிப்பார்கள். கிடைத்ததைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்ற பேச்சே கிடையாது.

இந்தப் பெண்களும் அதையே செய்தார்கள். மீன் பிடிக்கிற இடத்துக்கு இல்லை. வரிசையில் கடைசி இடத்துக்கு.

கடைசியில் நடப்பவருக்குப் பின்னால் பஸ். நடுவில் ஒன்றும் இல்லை. முதல் நாள் எல்லம்மாக்கா தானே கடைசியில் வருவதாகச் சொன்னாராம். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

தினமும் ஆறு மணிக்கு முன்னால் என் பஸ் பக்கத்திலேயே சீட்டு நடக்கும். யாருக்கும் எழுதத் தெரியாது. ஆளுக்கு ஒரு பொருள். ஒருவருக்குச் சோழி. ஒருவருக்கு வலை முடிச்சு. ஒருவருக்குப் புளியங்கொட்டை. தேசம்மாவுக்கு நீலக் கண்ணாடி வளையல் துண்டு. எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக் குலுக்குவார்கள். நேற்றுக் கடைசியில் நடந்தவர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அவர் அன்றைக்குக் கடைசி.

வந்ததற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு சட்டம் போட்டிருந்தார்கள். ஏசினால் பதில் சொல்லக் கூடாது. பஸ்ஸைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

இரண்டாவதற்கு எல்லம்மாக்கா காரணம் சொன்னார். சுமை இருக்கும்போது கழுத்தைத் திருப்பினால் கூடை விழும். "அப்பறம் திரும்பிப் பாத்தா பயம் வரும். பயம் வந்தா கோவம் வரும். கோவம் வந்தா நடை போச்சு."

பேசக் கூடாது என்று சட்டம் இல்லை. தேசம்மா பேசுவார். அவருக்கு நாற்பது வயசு இருக்கும். உயரம். வாய் ஓயாது. முன்பெல்லாம் கூடை ஏற்றும்போதே என்னை வம்புக்கு இழுப்பார். ஒரு தடவை கடைசி இடம் அவருக்கு வந்தது. ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டே என்னிடம் பேசினார்.

"டிரைவரே, இன்னா உன் வண்டி இந்த இருமு இருமுது? கசாயம் வெச்சிக் குடு."

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நீ வெலகு, இருமாது" என்றேன்.

"நான் வெலகினா நீ ஓடிடுவ. அப்பறம் எனக்குப் பேச்சுத்தொணைக்கு ஆளு ஏது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. பதினோரு கூடையும் குலுங்கின. ஒன்றும் விழவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர்

முதலாளி புகார் கொடுத்தார். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கரை ரோட்டின் நடுவில் வரிசையை நிறுத்தினார்.

"யாரு தலைவரு?"

"தலைவரு யாரும் இல்ல சாமி. முன்னாடி நான் நிக்கறேன். பின்னாடி அவ நிக்கறா."

"பஸ்ஸ மறிக்கறீங்கன்னு புகாரு."

"மறிக்கலியே. நடக்கறோம். அதும் பின்னாலயே வருது. நடந்தா கேஸா?"

"ஒதுங்கி வழி வுடுங்க."

"எங்க ஒதுங்கறது? நீ எறங்கி நின்னு காட்டு சாமி. அங்க நாங்களும் நிக்கறோம்."

அவர் இளவயசுக்காரர். காட்டிவிடலாம் என்று சரிவில் இறங்கினார். உப்புப் படிந்த இடம் கெட்டி என்று நினைத்துவிட்டார். பூட்ஸ் போன இடம் தெரியவில்லை. கபாலியும் தாமோதரனும் போய் இழுத்தார்கள். ஆள் வந்தார். ஒரு பூட்ஸ் வரவில்லை.

பெண்கள் சிரிக்கவில்லை. எல்லம்மாக்கா முந்தானையால் அவர் பேன்ட்டைத் துடைக்கப் போனார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, ஒரு பூட்ஸோடு ஜீப்புக்குப் போனார். மறுபடி வரவில்லை. கேஸும் வரவில்லை.

தாமோதரன்தான் அதிகம் கொதித்தவன். அவன் கம்பெனி கேட் எட்டு மணிக்கு மூடும். மூடினால் அன்றைய வேலை போச்சு. ஒரு நாள் இறங்கி முன்னால் ஓடிப்போய் எல்லம்மாக்காவிடம் கத்தினான்.

"எட்டு மணிக்கு கேட்ட மூடிடுவான் ம்மா! எங்க பொழப்புல ஏன் மண்ணப் போடறீங்க?"

"உன் கேட்டு எட்டு மணிக்கு மூடும். என் மீனு ஏழரைக்கே கண்ண மூடிக்கும்பா."

"அதான் ஏற்கெனவே செத்துப்போச்சே!"

"செத்தது தெரியாத மாதிரி விக்கணும். அதான் தொழிலு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் கோபம் இன்னும் ஏறியது. ஆனால் இறங்கியவன் மறுபடி பஸ்ஸில் ஏறவில்லை. பஸ்ஸும் நடையும் ஒரே வேகம்தான், நடந்தால் கிளட்ச் புகையாவது இருக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து கரை ரோட்டில் பாதி பஸ் இறங்கி நடக்க ஆரம்பித்தது. கரை முடிகிற இடத்தில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். நான் காலி சீட்டுகளை இழுத்துக்கொண்டு பின்னால் வருவேன்.

இது முதலாளி காதுக்குப் போனது. அதனால்தான் அன்றைக்கு அவரே ஏறினார். யாரையும் இறங்க விடக் கூடாது என்று கபாலியிடம் சொல்லிவிட்டு எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சட்டியிலிருந்து நீல வளையல் துண்டு வந்தது.

ஒரு கை

"தொடு நைனா" என்றார் முதலாளி.

நான் கிளட்ச்சை அமுக்கியே வைத்திருந்தேன்.

"நீ எனக்கு டிரைவரா, அவளுங்களுக்கு டிரைவரா? நாளைக்கு இந்த சீட்ல வேற ஆள குந்த வெக்க எனக்கு எம்மாம் நேரம் ஆவும்?"

எனக்கு அப்போது கல்யாணம் ஆகி ஒரு வருஷம். வீட்டில் மாசமாக இருந்தாள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. மனதில் ஓடியதைச் சொல்கிறேன். முதலாளி மேலும் பழி போட மாட்டேன். சொன்னது அவர் வாய். கால் என்னுடையது.

கிளட்ச்சை ஒரு விரல் அளவு விட்டேன்.

சத்தம்கூடக் கேட்கவில்லை. தேசம்மா முன்னால் போய் முழங்காலில் விழுந்தார். கூடை தலையைத் தாண்டிப் போய்க் கவிழ்ந்தது. மடவை மீன் ரோடு முழுக்க வெள்ளையாகச் சிதறியது. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பஸ்ஸுக்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

வரிசை நின்றது.

ஒருவரும் திரும்பவில்லை. பத்து முதுகு. பத்துக் கூடை. முன்னால் இருந்து எல்லம்மாக்கா குரல் மட்டும் வந்தது. "தேசம்மா?"

"இங்கதான் கீறேன் க்கா."

"எழுந்துக்க முடியுதா?"

"முடியுது."

அவர் எழுந்தார். புடவை முழங்காலில் கிழிந்து ரத்தம் தெரிந்தது. ஒவ்வொரு மீனாகப் பொறுக்கினார். மண்ணைத் தட்டினார். கூடையில் அடுக்கினார். கோணியை மேலே போட்டார். சும்மாட்டை உதறித் தலையில் வைத்தார். அவசரமே இல்லை. நாங்கள் ஒரு பஸ் ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீன் கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருவர் கை கொடுக்க வேண்டும். மற்ற பத்துப் பேர் தலையிலும் சுமை. ஒருவர் குனிந்தால் அதுவும் கொட்டும்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கை கொடு என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்கூட வந்து தூக்கிவிட்டுப் போவார்கள். அதன் பிறகும் பேச மாட்டார்கள். ஆனால் தூக்கிவிடுவார்கள்.

தேசம்மா அப்போதுதான் திரும்பினார். தலையில் சுமை இல்லை, திரும்பலாம். பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டிரைவரே, ஒரு கை குடு."

திட்டியிருந்தால் நான் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். கல் எறிந்திருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து இறங்கினேன்.

கூடையின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். ஒரு பக்கம் நான். தூக்கினோம். மீன் தண்ணீர் என் காக்கிச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஓடியது. சில்லென்று இருந்தது.

"கொஞ்சம் முன்னால... ஆங்... வுடு."

விட்டேன். அவர் முன்னால் திரும்பி, "போலாம் க்கா" என்றார். வரிசை நகர்ந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். மறுபடி முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு நடந்தார். இடித்தவனுக்கே முதுகைக் காட்டினார்.

நான் ஏறி எஞ்சினை அணைத்தேன்.

"எடு" என்றார் முதலாளி.

"அவங்க கரை தாண்டட்டும் மொதலாளி. அப்பறம் எடுக்கறேன்."

"இப்ப எடுக்கறியா, சாவியக் குடுக்கறியா?"

சாவியைக் கொடுத்தேன். இறங்கினேன்.

எனக்குப் பின்னால் படியில் சத்தம் கேட்டது. பட்டாச்சாரியார் இறங்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலாளி தலையை நீட்டி, "சாமி, நீங்க எங்க? வெயிலு" என்றார்.

"மீன் வாசனை எனக்குப் பழகிடுத்து. உங்க பம்பர்தான் பழகலை."

அப்புறம் தாமோதரன். அப்புறம் அவன் ஆட்கள். கடைசியில் கபாலி, விசிலைப் பையில் போட்டுக்கொண்டு. எல்லோரும் பெண்களுக்குப் பின்னால் நடந்தோம். யாரும் கோஷம் போடவில்லை. நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலாளிக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் எடுக்கவில்லை. நாங்கள் வளைவு திரும்பும்போது பார்த்தேன். அவர் அதே எஞ்சின் மூடி மேல் உட்கார்ந்திருந்தார்.

துடுப்பு

சாயங்காலம் நான் குப்பத்துக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

ஆண்களுக்குச் செய்தி போயிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்போடு வந்தார்கள். முன்னால் தேசம்மாவின் புருஷன். குள்ளமான ஆள். எனக்குத் தெரிந்தவர்தான். பல தடவை பீடிக்கு நெருப்புக் கொடுத்திருக்கிறார்.

"நீதான ஓட்ன?"

"நான்தான்."

"ஏன்?"

"சொன்னாங்க. செஞ்சேன்."

துடுப்பு உயர்ந்தது. நான் நகரவில்லை. அடி எனக்குச் சேர வேண்டியது என்றே நினைத்தேன்.

எல்லம்மாக்கா நடுவில் வந்து நின்றார். தடுக்கவில்லை, கத்தவில்லை. கையில் உலர்ந்த கருவாட்டு முறம் இருந்தது.

"துடுப்பு தண்ணிக்குள்ள போடற சாமான். ரோட்டுக்கு இன்னாத்துக்கு தூக்கினு வந்த?"

"அவன் என் பொஞ்சாதி மேலதான க்கா வண்டிய வுட்டான்!"

"ஆமா. வுட்டான். அப்பறம் கூடையும் தூக்கி வுட்டான். நீ இப்ப இவன அடிச்சன்னா நாளைலேர்ந்து இது சண்ட. ரெண்டு பக்கமும் கேஸு. அந்த ஒத்த பூட்ஸுக்காரன் ஓடி வருவான். இத்தினி நாளு நாங்க நடந்தது பூரா தண்ணியில போச்சு. எங்க நடைய கெடுக்காத. போ, வலையப் பாரு."

ஆள் நின்றார். துடுப்பு கொஞ்ச நேரம் அப்படியே மேலே இருந்தது. அப்புறம் மணலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் பீடி எடுத்தார். நெருப்பு அன்றைக்கு நான் கொடுத்தேன்.

தேசம்மாவைப் பார்க்க முடியவில்லை. முழங்கால் பானை மாதிரி வீங்கிவிட்டது என்றார்கள். காலை மடக்க முடியவில்லை. தலைச்சுமை வேலையில் முழங்கால் போனால் எல்லாம் போனது. திரும்பச் சுமப்பாரா என்று எல்லம்மாக்காவைக் கேட்டேன்.

"தெரியலப்பா" என்றார்.

தகரம்

மூன்று நாள் பஸ் ஓடவில்லை. எனக்கு வேலை இல்லை. முதலாளி வேறு டிரைவரைத் தேடினார். விஷயம் தெரிந்து ஒருவரும் வரவில்லை.

பெண்கள் நடந்தார்கள். இப்போது பத்துப் பேர். கம்பெனி ஆட்களும் அவர்களோடு நடந்தார்கள்.

மூன்றாம் நாள் தாமோதரன் ஒரு சாமானோடு வந்தான். கழிவுத் தகரத்தை வளைத்து, ஓரம் மடித்துத் தட்டிச் செய்த நீளத் தொட்டி. பின் மூலையில் ஒரு குழாய். கூரையில் போட்டு அதன் மேல் கூடையை வைத்தால் தண்ணீர் ஜன்னல் பக்கம் வராமல் வண்டியின் பின்னால் ரோட்டில் போய்விடும்.

"நீயா செஞ்ச?" என்றேன்.

"அந்தம்மா பின்னால இத்தினி நாளு நடந்தேனே, வேற இன்னா யோசிக்கறது? தண்ணி ஒழுகிக்கினே போறதத்தான் பாத்தேன்."

இரண்டு பேரும் முதலாளி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தொட்டியைச் சுற்றி வந்தார். குழாயில் விரலை விட்டுப் பார்த்தார்.

"சொட்டாதா நைனா?"

"சொட்னா என் தலையில சொட்டட்டும். அதுக்கு நேர் கீழ நானே குந்தறேன்."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கையில் சாவி இருந்தது. என் கையில் வைத்தார். "ஆறு மணிக்கு எடு" என்றார்.

மன்னிப்பு, வருத்தம் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பின்னாளில் கூடை ஏறாமல் வண்டி கிளம்பியது என்று தெரிந்தால் முதலில் கத்தியது அவர்தான்.

நான் அதற்குப் பிறகு பெரிய பெரிய ஊர்வலம் பார்த்திருக்கிறேன். கொடி, மைக், மாலை எல்லாம் பார்த்திருக்கிறேன். யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பலம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது ஊர்வலம் இல்லை. ஹாரன் அடித்தும் அசையாத பதினோரு கழுத்து. அப்புறம் ஒரு குரல். ஒரு கை குடு.

ஆறு மணி

மறுநாள் காலை. தொட்டியைக் கூரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். தாமோதரன் அதற்கு நேர் கீழே, சொன்ன மாதிரி, துவைத்த சட்டையோடு உட்கார்ந்தான். பட்டாச்சாரியார் அவரது ஜன்னலில்.

பெண்கள் வந்தார்கள். சீட்டுச் சட்டி அன்றைக்கு வரவில்லை. கபாலி ஏணியில் ஏறி நின்று கூடைகளை வாங்கினான்.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் நடப்பது எனக்குத் தெரியாது. கூடை தகரத்தில் உட்காரும்போது தலைக்கு மேல் ஒரு சத்தம் வரும். அதை எண்ணினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நடுவில் எல்லம்மாக்கா யாரையோ திட்டினார். நாலு. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

அப்புறம் சத்தம் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கபாலி விசில் ஊதுவான் என்று காத்திருந்தேன். ஊதவில்லை. நானும் கியர் போடவில்லை.

பின்னால் மணலில் ஒரு காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக வந்தது. ஏணிக்குப் பக்கத்தில் நின்றது.

"கபாலி, ஒரு கை குடுடா. டிரைவருகிட்ட சொல்லு, வண்டிக்கு கசாயம் குடுத்தானான்னு கேட்டேன்னு."

தகரத்தில் சத்தம் கேட்டது.

பதினொன்று.